புகைபோக்கிக்குள் மாப்பிள்ளை

ரங்கூன் தாமுவேயில் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் தெருப்பெயரைச் சொல்ல மாட்டார்கள். "கோடு போட்ட வீடா?" என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டுவார்கள். வெள்ளைச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்பு மரச்சட்டங்கள் ஓடும். பார்க்கிறவர்கள் அந்தச் சட்டங்கள்தாம் வீட்டைத் தாங்குகின்றன என்று நினைத்துக்கொள்வார்கள். அவை எதையும் தாங்கவில்லை. செங்கல் சுவரைக் கட்டி முடித்த பிறகு அதன்மேல் தேக்குப் பலகைகளை ஆணியடித்துத் தார் பூசியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கட்டியவர் ஒரு மரக் கம்பெனித் துரை. இங்கிலாந்தில் தான் பிறந்த கிராமத்து வீட்டைப் போலவே ரங்கூனிலும் ஒன்று வேண்டும் என்று அடம்பிடித்திருக்கிறார். அந்த வீட்டுக்கு வயது நானூறோ ஐந்நூறோ. வயதாகிக் கூரை நடுவில் தொய்ந்துபோயிருந்ததாம். இங்கே மேஸ்திரி கூரையை நேராக நிறுத்தியதும் துரைக்குக் கோபம் வந்து, பிரித்துத் தொய்வாகக் கட்டு என்று சொல்லிவிட்டார். எங்கள் வீடு பிறக்கும்போதே கிழமாகப் பிறந்த கதை இதுதான். பனி வழுக்கி விழுவதற்காகக் கூரை செங்குத்தாக இருக்கும். ரங்கூனில் எங்கே பனி? மழைதான் வழுக்கி, நேராக எங்கள் துணிக்கொடியில் வந்து விழும். சன்னல்களில் கட்டம் கட்டமாகச் சின்னக் கண்ணாடிகள். காற்று உள்ளே வருவதற்கு முன்னால் யோசித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். கூடத்தின் ஒரு பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு குளிர்காய ஒரு கணப்பு கட்டியிருக்கிறார் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்கவே முடிந்ததில்லை. நாங்கள் அதைப் பெரிய அடுப்பு என்போம். உள்ளே இரண்டு பக்கமும் செங்கல் இருக்கை உண்டு. துரை நெருப்புக்குப் பக்கத்தில் அடுப்புக்குள்ளேயே உட்கார்ந்துகொள்வாராம். சித்திரை மாதத்தில் ரங்கூனில் இருந்தவன் எவனாவது இப்படி ஒன்றைக் கட்டுவானா? யுத்தம் வந்து துரை கப்பலேறிய பிறகு வீடு எங்கள் குடும்பத்துக்கு வந்தது. அன்றிலிருந்து என் உம்மா ஹாஜராவின் காலம் வரை பெரிய அடுப்பில் வெங்காயமும் உருளைக்கிழங்கும்தான் குடியிருந்தன.

தொண்ணூற்றாறாம் வருஷம் வீட்டுக்கு மரியாதை வந்தது. பாரம்பரியக் கட்டடம், யாரும் கைவைக்கக் கூடாது என்று ஓர் இலாகாவிலிருந்து பலகை மாட்டினார்கள். வாப்பா பர்கத்துல்லா அன்று ஹஜ்ஜுப் பெருநாள் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். பலகை மாட்ட வந்த அதிகாரி டோ சான் யீ என்ற அம்மாள். தலையில் பூ, கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைப் பூச்சு, ஒரு கையில் குடை, இன்னொரு கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா.

டப்பாவில் பிஸ்கட் இல்லை. மூடியில் ஒரு படம் இருந்தது, இங்கிலாந்துக் கிராமத்து வீட்டுப் படம். அந்த அம்மாள் இங்கிலாந்து போனதில்லை, இலாகாவில் வேறு யாரும் போனதில்லை. அசல் வீடு எப்படி இருக்கும் என்பதற்கு அவர்களிடம் இருந்த ஒரே ஆதாரம் அந்த மூடிதான். தெருவில் நின்று மூடியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வீட்டைப் பார்ப்பார். பிறகு மூடியைப் பார்ப்பார்.

"ஊ பர்கத், சன்னல்ல பூனை இல்லையே," என்றார் முதல் தடவை, பர்மியப் பேச்சில், பெயருக்கு முன்னால் 'ஊ' சேர்த்து மிகவும் மரியாதையாக.

வாப்பா ஒரு பூனையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அடுத்த தடவை வாத்து இல்லை என்றார். படத்தில் இருந்தது வெள்ளை வாத்து. தன்லியினிலிருந்து பாலம் தாண்டி பஸ்ஸில் ஒரு வெள்ளை வாத்து வந்து சேர்ந்தது. வந்த முதல் நாளே அது பூனையைச் சன்னல்மேல் துரத்திவிட்டது. பூனை சன்னலை விட்டு இறங்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்ததால் அந்த அம்மாளுக்கு ரொம்பத் திருப்தி.

சிரிக்கக்கூடிய விஷயம்தான். ஆனால் நாங்கள் சிரிக்கவில்லை. பக்கத்துத் தெருவில் இதேபோல் பலகை மாட்டிய ஒரு பங்களாவை, "திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது" என்று சொல்லி ஆட்களை வெளியேற்றிப் பூட்டியிருந்தார்கள். பூட்டே துருப்பிடித்துவிட்டது, திருத்தம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. அந்தக் குடும்பம் உறவுக்காரர் வீட்டில் பாயைச் சுருட்டி விரித்துக்கொண்டு கிடந்தது.

இப்படி இருக்கும்போதுதான் என் கல்யாணப் பேச்சு வந்தது.

எனக்கு நசீரைப் பிடித்திருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. லான்மடாவில் அவர்களுக்கு இரும்புச் சாமான் கடை. சன்னல் கொக்கி வாங்க ஒரு தடவை போனேன். பிறகு கொக்கி வாங்கப் போய்க்கொண்டே இருந்தேன். "ருமானா, ஒங்க வீட்டுல மொத்தம் எத்தனை சன்னல்தான் இருக்கு?" என்று அவர் கேட்டபோது எனக்கு வெட்கமாகவும் இல்லை. பெண் கேட்டு வரச் சொன்னேன். வந்தார்கள்.

எங்கள் ஆட்கள் காயல்பட்டினத்திலிருந்து வந்தவர்கள். கடல் தாண்டி எத்தனை தலைமுறை ஆனாலும் ஒரு வழக்கத்தை மட்டும் விடவில்லை. கல்யாணம் ஆனால் பெண் புகுந்த வீட்டுக்குப் போக மாட்டாள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்க வேண்டும். வருகிறவருக்குத் தனி அறை கொடுக்க வேண்டும். அறை இல்லையென்றால் கல்யாணம் இல்லை. எங்கள் வீட்டில் மாடியில் இருந்தது இரண்டே அறை. ஒன்றில் வாப்பாவும் உம்மாவும். இன்னொன்றில் அக்கா உஸ்மாவும் அவள் புருஷன் ஆபித் மச்சானும். நான் கூடத்தில் பாய் போட்டுப் படுக்கிறவள்.

நசீரின் உம்மா சைதா மாமி கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பொண்ணு தங்கமான பொண்ணு, நான் கொறை சொல்லல. ஆனா எம் புள்ளைய எங்க வைப்பீங்க? நாலு சுவரு வேணும், கதவு வேணும், உள்தாப்பா வேணும். தெரையக் கட்டி அறைன்னு சொல்லாதீங்க. நான் ஒத்துக்க மாட்டேன்."

வாப்பா இலாகாவுக்குப் போய், கூடத்தில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்ப அனுமதி கேட்டார். டோ சான் யீ மூடியைப் பார்த்துவிட்டு, "படத்தில் தடுப்புச் சுவர் இல்லை," என்று சொல்லிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் நானே நேரில் போனேன். ஆனாலும் அதிகாரியம்மாவை அழைக்கிற மரியாதையோடு 'சயாமா' என்றுதான் ஆரம்பித்தேன். "சயாமா, படத்துல வெளிப்பக்கம் மட்டுந்தானே தெரியுது? உள்ளே என்ன இருக்குன்னு அதை வச்சு எப்படிச் சொல்றீங்க?"

அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. "மகளே, மூஞ்சியைப் பார்த்தா மனசு தெரியுது இல்லையா? இந்த வீட்டு மூஞ்சியைப் பாரு. உள்ளே தடுப்பு வச்ச மூஞ்சியா இது?"

வீட்டுக்கு வந்து அழுதேன். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து முஹர்ரம் பிறப்பதற்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்பேன் என்று சைதா மாமி சொல்லியிருந்தார். வேறு இடமும் தயாராக இருந்தது. அந்தப் பெண்ணின் வீட்டில் மூன்று அறை காலியாகக் கிடந்ததாகக் கேள்வி.

நசீர்தான் வழி கண்டுபிடித்தார். சும்மா பேச வந்தவர், வெங்காயச் சாக்கை நகர்த்திவிட்டுப் பெரிய அடுப்புக்குள் குனிந்து போய் உட்கார்ந்துகொண்டார். பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மாமா, இங்க மூணு சுவரு ஏற்கனவே இருக்கு."

வாப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் பலகை போட்டால் கட்டில். சுவர்கள் தடிமனாக இருந்ததால் உள்ளே குளுகுளுவென்று இருந்தது. நாலாவது சுவருக்குக் கதவுதான் வேண்டும். சுவரில் ஓர் ஆணி அடித்தாலும் குற்றம். நசீர் தன் கடையில் ஓர் இரட்டைக் கதவு செய்து, அதற்கு நாலு கால் வைத்துக் கொண்டுவந்து நிறுத்தினார். கதவு எதையும் தொடாமல் தன் காலிலேயே நின்றது.

டோ சான் யீ வந்து கதவைச் சுற்றி வந்தார். குனிந்து கால்களைப் பார்த்தார். "கால் இருக்கு. அப்போ இது மேசை வகை," என்று சொல்லிவிட்டு வாத்தைப் பார்க்கப் போனார்.

சைதா மாமியும் பரிசோதிக்க வந்தார். சுவரைத் தட்டினார், தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்தார், பலகையில் உட்கார்ந்து பார்த்தார். திருப்தி என்று சொல்லப் போகிற நேரத்தில் அண்ணாந்து பார்த்துவிட்டார். தலைக்கு மேலே புகைபோக்கி வழியாக நீல வானம். வானத்தில் ஒரு காக்கை.

"இதுக்குக் கூரை எங்க?"

"கூரை கொஞ்சம் ஒசரத்துல இருக்கு, உம்மா," என்றார் நசீர். மறுநாளே ஆபித் மச்சானைக் கூரையில் ஏற்றி, புகைபோக்கியின் வாய்க்குள் தெருவிலிருந்து தெரியாதபடி ஒரு தகரத்தைப் பொருத்தச் செய்தார். சைதா மாமி மறுபடி வந்து பார்த்துத் தலையை ஆட்டினார். திங்யான் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரத்தில் தேதி வைத்தோம்.

கல்யாணத்தன்று பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்து, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளையை ஊர்வலமாகக் கூட்டி வந்தார்கள். எங்கள் குடும்பத்தில் இதை அறை புகுதல் என்போம். மாப்பிள்ளை அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால், பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவர் உம்மா பெண்ணின் கையைப் பிடித்து அழைத்து வரும் வரை வெளியே கால் வைக்கக் கூடாது. வைத்தால், இந்த வீடு எனக்கு வேண்டாம் என்று சொன்னதாகும். அப்புறம் யார் சமாதானம் பேசினாலும் எடுபடாது. நசீர் வெள்ளை உடுப்பும் தலையில் பூச்சரமுமாகக் குனிந்து பெரிய அடுப்புக்குள் போனார். வழக்கப்படி சாம்பிராணிச் சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்கள். சைதா மாமி கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் கூடத்தின் மறுகோடியில் பெண்களுக்கு நடுவில் நகையும் பூவுமாக உட்கார்ந்திருந்தேன். எனக்கு அன்று அவ்வளவு சந்தோஷம். கன்னம் வலிக்க வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வாசலில் கார் வந்து நின்றது. டோ சான் யீயும், வயதான வெள்ளைக்காரப் புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் இறங்கினார்கள். வாப்பா பிரியாணிக் கையோடு ஓடினார்.

"ஊ பர்கத், இவங்க இங்கிலாந்திலிருந்து வந்த விருந்தாளிங்க. மேலிடம் அனுப்பியிருக்கு. இந்த மாதிரி வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவங்க," என்றார் டோ சான் யீ. கையில் டப்பா பளபளத்தது. "நேத்து இதைப் புளி போட்டுத் துலக்கினேன். மேல் மூலையில துரு போச்சு. துருவுக்கு அடியில புகை இருக்கு."

மூடியைக் காட்டினார். உண்மைதான். புகைபோக்கியிலிருந்து சுருள் சுருளாக வெள்ளைப் புகை.

"ஒங்க வீட்டில புகை எங்கே?"

"சயாமா, இது ஏப்ரல் மாசம்," என்றார் வாப்பா.

"இங்கிலாந்திலும் ஏப்ரல்தான்."

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவருக்கும் உள்ளூர நடுக்கம்தான் போல. "இன்னிக்குப் புகை வரலேன்னா அசல் இல்லைன்னு எழுதணும். அப்புறம் திருத்தத்துக்குப் பூட்டணும். என் கையில ஒண்ணுமில்லை."

பூட்டினால் வீடு இல்லை. வீடு இல்லையென்றால் அறை இல்லை. அறை இல்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை எங்கே தங்குவார்? நிக்காஹ் ஆன அன்றே நான் அறையற்றவள் ஆகிவிடுவேன். அதே சமயம் புகை போட வேண்டிய இடத்தில்தான் என் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். அவர் வெளியே வந்தாலும் எல்லாம் போயிற்று. வாப்பா என்னைப் பார்த்தார், நான் வாப்பாவைப் பார்த்தேன். பிறகு அவர் கதவருகே போய்க் குனிந்தார்.

"மாப்பிள்ள, கொஞ்சம் சாம்பிராணி அதிகமாப் போடுறோம். மணமா இருக்கும்."

"போடுங்க மாமா," என்றது உள்ளேயிருந்து குரல்.

போட்டார்கள். தெருவிலிருந்து டோ சான் யீ கையசைத்தார், போதாது. தேங்காய் மட்டையைப் போட்டார்கள். போதாது. உம்மா பிரியாணி அடுப்பிலிருந்து ஒரு கரண்டித் தணலைக் கொண்டுவந்து கொட்டினார். மேலே தகரம் இருப்பது ஒருவருக்கும் நினைவில்லை. புகை மேலே போய்த் தகரத்தில் முட்டித் திரும்பி வந்து, கதவிடுக்கு வழியாகக் கூடத்தை நிறைத்தது. சன்னல் வழியாகப் புகை போனதும் டோ சான் யீ தெருவிலிருந்து கத்தினார்: "சன்னல்ல வேண்டாம்! படத்தில சன்னல்ல புகை இல்லை! பூனை எங்கே?"

பூனை எப்போதோ ஓடிவிட்டது. உள்ளே நசீர் இருமுவது கேட்டது. ஒரு மனுஷன் அப்படி இருமி நான் கேட்டதில்லை. சைதா மாமி எழுந்து நின்று, "எம் புள்ளைய உசிரோட பொசுக்குறாங்களே!" என்று அலறினார். ஆபித் மச்சானுக்குத்தான் அப்போது தகரம் நினைவுக்கு வந்தது. கல்யாணக் கோட்டோடு ஏணியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

என்னால் உட்கார முடியவில்லை. அக்கா உஸ்மா கையைப் பிடித்து இழுத்தாள். மணப்பெண் எழுந்து நடக்கக் கூடாதாம். உதறிவிட்டுப் போய்க் கதவில் முகத்தை வைத்தேன். கதவுப் பலகை சுட்டது.

"வெளியே வாங்க," என்றேன். "கல்யாணம் போனாப் போகுது. வீடும் போகட்டும். நீங்க வெளியே வாங்க."

மனதாரத்தான் சொன்னேன். அந்த நிமிஷத்தில் எனக்கு வீடும் வேண்டாம், வழக்கமும் வேண்டாம், துரையும் அவன் கிராமமும் நாசமாய்ப் போகட்டும் என்றுதான் இருந்தது.

உள்ளே இருமல் நின்றது. "ருமானா," என்றார். "மேல பொகை வருதான்னு பாத்துச் சொல்லு."

மேலே தடதடவென்று ஓடு நொறுங்கும் சத்தம் கேட்டது. அந்தச் செங்குத்துக் கூரையில் பனி வழுக்குகிறதோ இல்லையோ, மச்சான் இரண்டு தடவை வழுக்கினார். மூன்றாவது தடவை புகைபோக்கியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தகரத்தைப் பிடுங்கி எறிந்தார். அது தோட்டத்தில் வாத்துக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. கூடத்திலிருந்த புகையெல்லாம் உறிஞ்சியெடுத்தாற்போல் அடுப்புக்குள் திரும்பிப் போய், மேலே கிளம்பியது. தெருவில் கைதட்டும் சத்தம் கேட்டது.

"வருது," என்று கதவைப் பார்த்துச் சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

டோ சான் யீ மூடியை உயர்த்திப் பிடித்து, வீட்டையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண்ணிலும் தண்ணீர். வெள்ளைக்காரம்மாள் மட்டும் புகைபோக்கியை ஏக்கமாகப் பார்த்து ஏதோ சொன்னார். டோ சான் யீ அதை வாப்பாவிடம் பர்மியத்தில் சொன்னார். அவர்கள் ஊரில் அவர்களுடைய வீட்டுக்கும் பலகை மாட்டியிருக்கிறார்களாம். அதனால் அங்கே கணப்பில் நெருப்பு மூட்ட அனுமதி கிடையாதாம்.

இதைக் கேட்டு வாப்பா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நிற்கும்போதே சைதா மாமி கதவைப் படாரென்று திறந்துவிட்டார்.

பலகைமேல் நசீர் உட்கார்ந்திருந்தார். வெள்ளை உடுப்பு சாம்பல் நிறமாகியிருந்தது. பூச்சரம் வாடித் தொங்கியது. கண் இரண்டும் சிவந்து, முகமெல்லாம் கரி. கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரர்களும் உள்ளே வந்து நின்றார்கள்.

"எந்திரி," என்றார் மாமி. "அறைன்னு சொல்லி அடுப்புல வச்சுட்டாங்க. வா, நம்ம வீட்டுக்குப் போவோம். எந்திரிடா நசீர்."

அவர் எழுந்தால் தலை குனிந்து ஒரே எட்டில் வெளியே வந்துவிடலாம். நான் அவர் காலையே பார்த்தேன். கால் அசையவில்லை.

"சத்தம் போடாதீங்க உம்மா," என்றார் நசீர். தொண்டை கட்டிப்போயிருந்தது. "எங்க வீட்டுக்கு விருந்தாளிங்க வந்திருக்காங்க."

"யார் வீட்டுக்கு?"

"எங்க வீட்டுக்கு." கரி படிந்த கையால் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார். "நீங்களும் ஒக்காருங்க. டீ கொண்டாரச் சொல்றேன்."

சைதா மாமி உட்காரவில்லை. மகனைப் பார்த்தபடி அப்படியே நின்றார். எல்லாருக்கும் முன்னால் அழுதார், கண்ணைத் துடைக்கவும் இல்லை. பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்து, மஃரிபுக்கு இன்னும் நேரம் இருக்கும்போதே என் கையைப் பிடித்தார். கதவு வரை அழைத்துப் போனார். எனக்கு முன்னால் தானே குனிந்து உள்ளே நுழைந்து, தன் பட்டுச் சேலை முந்தானையால் பலகையிலிருந்த கரியை அழுத்தித் துடைத்தார்.

"ஒக்காரு புள்ள," என்றார்.